இரண்டு ஷாக் வைத்த சிவப்பு சைக்கிள்

கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் என் மனைவி என் வீட்டுக்கு விருந்தாளியாகிவிட்டாள். இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, என்னைத் தவிர. அப்போது நான் அந்த ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து மூன்றில் அவளுக்குப் பால்வாடி டீச்சர் வேலை கிடைத்தது. சில ஊர்கள் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம். பால்வாடி இருந்தது பெரக்கரை நாட்டில், அவள் அம்மா வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். என் வீடு எடப்புளி நாட்டில். குறுக்குப் பாதையில் ஒன்பது கிலோமீட்டர். பஸ்ஸில் போவதென்றால் சோளக்காடு என்ற ஊரில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். அந்த இரண்டு பஸ்களும் ஒன்றன் முகத்தில் ஒன்று விழிப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டவை போல ஓடின. ஒன்று கிளம்பிப் போன புழுதி அடங்கிய பிறகுதான் இன்னொன்று வரும்.

ஆகவே அவள் வாரம் முழுக்க அம்மா வீட்டில் தங்கினாள். சனிக்கிழமை சாயங்காலம் வருவாள், திங்கட்கிழமை விடிகாலையில் போய்விடுவாள். பிறகு ஒரு சனிக்கிழமை மழை என்று வரவில்லை. அடுத்த முறை குழந்தைகளுக்கு எடை போட்ட நோட்டுகளை எழுதி முடிக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த முறை காரணமே சொல்லி அனுப்பவில்லை. சந்தையில் மாமனாரைப் பார்த்தால், மகள் சௌக்கியமாக இருப்பதாக எனக்குத் தகவல் சொல்வார். ஏதோ தூரத்துச் சொந்தக்காரனிடம் சொல்வது போல, அக்கறையாக.

எனக்கு அப்போது முப்பது வயது. சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி கொஞ்சம், மரவள்ளி கொஞ்சம், எனக்கே இறங்காத சமையல் கொஞ்சம் என்று வாழ்ந்துகொண்டிருந்தேன். வெளியே ஆயிரம் நையாண்டி பேசுவேன். உள்ளுக்குள் ஒரே ஒரு பயம்தான். இப்படியே போனால் ஒரு நாள் அவள் வராமலே இருந்துவிடுவாள். சண்டையிட்டுப் பிரிந்தாலாவது ஊர் நாலு வார்த்தை நியாயம் பேசும். தூரத்தால் பிரிந்தவனுக்காக யார் பேசுவார்கள்?

சைக்கிள் யோசனை அவளுடையது. சமவெளியிலிருந்து ஏழெட்டுப் பேர் சைக்கிளிலேயே மலையேறி வந்திருந்தார்கள். பஸ்ஸில் போனாலே வாந்தி வருகிற எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் காசு செலவழித்து மிதித்து ஏறுகிற ரகம். அதில் ஒரு பெண் பால்வாடியில் தண்ணீர் கேட்டு நின்றிருக்கிறாள். என் மனைவி அடிவாரத்தில் ஹாஸ்டலில் படித்தபோதே சைக்கிள் பழகியவள். ஒரு சுற்று சுற்றிப் பார்க்கிறேன் என்று அந்தப் பெண்ணின் சைக்கிளை வாங்கி ஓடை வரைக்கும் மிதித்துப் போய்த் திரும்பியிருக்கிறாள். முன்னால் மட்டும் ஷாக் அப்சார்பர் வைத்த அந்த வகைக்கு ஹார்டுடெயில் என்று ஒரு பெயர் இருப்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அந்த வாரம் அவள் சனிக்கிழமை தவறாமல் வந்தாள். வந்ததும் சொன்னாள்:

"ஏனுங்க, எனக்கொரு சைக்கிள் வாங்கிக் குடுங்க. சக்கரம் பெருசா இருக்கோணும். ஷாக்கு முன்னாடி மட்டும் இருந்தாப் போதும், பின்னாடி கெட்டியா இருக்கோணும். அது இருந்தா தெனமும் ஊட்டுக்கு வந்துருவேனுங்க."

இதில் கடைசி வரி மட்டும்தான் என் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் பெண்கள் புடவைக் கடையில் சொல்கிற விவரம் போலத்தான் எனக்குப் பட்டது. ஆண்பிள்ளை போய்ப் பார்த்து எடுத்தால் சரியாகத்தானே இருக்கும்.

எங்கள் ஊரில் அப்போது சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஆலோசனை சொன்னவர்கள் ஊரில் மீதியிருந்த அத்தனை பேரும். பெண்பிள்ளைக்கு எதற்கு என்றார் ஒருவர். மலைக்குச் சைக்கிள் ஆகாது, கோவேறு கழுதைதான் சரி என்றார் இன்னொருவர். அவர் கழுதையையும் பார்த்ததில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் மட்டும் தெளிவாகப் பேசினார். லாரிக்குக் குலுங்காமலிருக்க முன்னாலும் பின்னாலும் பட்டை இருக்கிறது, பஸ்ஸுக்கும் இருக்கிறது, அப்படியிருக்கச் சைக்கிளுக்கு மட்டும் முன்னால் வைத்துவிட்டுப் பின்னால் வைக்காமல் விடுவது கஞ்சத்தனம் அல்லவா என்று கேட்டார். எனக்கு அது பெரிய விஞ்ஞானமாகத் தோன்றியது. பெண்டாட்டிக்கு வாங்கித் தருகிற பொருளில் ஒரு ஷாக்கைக் குறைத்தான் என்ற பேர் எனக்கெதற்கு?

அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் ஒரு சைக்கிள் கடை. பாய் கடை என்றுதான் மலையில் எல்லோருக்கும் தெரியும். மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிற குடும்பம். எங்கள் மலையில் ஓடுகிற, ஓடாமல் திண்டாடுகிற சைக்கிள் எல்லாம் அவர் கைபட்டவை. பால்வாடி டீச்சருக்கு, மேடு பள்ளத்தில் ஓட்ட, என்று நான் சொன்னதும் அவர் இரண்டு சைக்கிள்களை வெளியே உருட்டிக்கொண்டு வந்தார்.

ஒன்று சாம்பல் நிறம். இருபத்தாறு இஞ்சுச் சக்கரம், கட்டை டயர், முன்னால் மட்டும் ஷாக். பின்னால் வெறும் கம்பி. ஒல்லியாக, உயரமாக, மூஞ்சியில் ஒரு களையும் இல்லாமல் நின்றது. இன்னொன்று சிவப்பு. இருபத்துநாலு இஞ்சு. முன்னால் இரண்டு ஷாக் குழாய்கள், சீட்டுக்கு அடியில் மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு தடித்த ஸ்பிரிங், சக்கரத்துக்கு மேலே மின்னல் போல ஸ்டிக்கர். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கிளம்பியது மாதிரி இருந்தது.

பாய் சாம்பல் சைக்கிளைத்தான் எடுக்கச் சொன்னார். பின்னால் ஸ்பிரிங் இருந்தால் மேட்டில் மிதிக்கிற மிதியில் பாதியை ஸ்பிரிங்கே தின்றுவிடும், வண்டி முன்னால் போகாமல் மேலும் கீழும் ஆடும், கனமும் அதிகம் என்றார். பெரிய சக்கரம் வேரையும் கல்லையும் ஏறித் தாண்டும், சின்னது குழியைக் கண்டால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார். சாம்பல் சைக்கிள் விலையும் குறைவு. நான் வாழ்க்கையில் பார்த்த நேர்மையான வியாபாரிகளில் அவர் முதல் ஆள். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. விலை குறைந்த பொருளை ஒருத்தன் மெனக்கெட்டு விற்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

இதெல்லாம் ஊருக்குச் சொன்ன காரணம். உண்மையான காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். பாய் இரண்டையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். சிவப்பில் ஏறி உட்கார்ந்தேன், இரண்டு காலும் சௌகரியமாகத் தரையில் ஊன்றின. சாம்பலில் ஏறினேன். கட்டை விரல்கூட எட்டவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் சைக்கிளோடு சேர்ந்து மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. டீ கிளாஸை வாயருகே வைத்துக்கொண்டு சிரிக்காமல் இருந்தார்கள், அது அதைவிட மோசம்.

என் மனைவி என்னைவிட நாலு விரல் உயரம். கல்யாண போட்டோவில் நான் உயரமாக இருப்பேன்; காலடியில் போட்டோகிராபர் வைத்த பலகை படத்தில் வராது. ஓட்டப்போவது அவள், உட்காரப்போவது அவள், கால் எட்டவேண்டியது அவளுக்கு. இது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் என் வீட்டு வாசலில், எனக்கே எட்டாத ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஊட்டம்மா என்ன ஒசரம் என்று பாய் கேட்டார். என் ஒசரந்தான் என்றேன். அவர்களை ஒருமுறை கூட்டிக்கொண்டு வாங்களேன் என்றார். வேலை ஜாஸ்தி, வரமுடியாது என்று சொல்லிவிட்டு, யோசித்து வருகிறேன் என்று மலையேறிவிட்டேன்.

யோசிப்பதற்கு எங்கள் மலையில் ஒரு வசதி உண்டு. பெண் எடுக்க, காடு வாங்க, கேணி தோண்ட, எதிலாவது மனம் இரண்டுபட்டால் சாமியிடம் பூக்கேட்போம். ஒரு இலையில் சிவப்புப் பூ, ஒரு இலையில் வெள்ளைப் பூ, இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலமாக மடித்து நாரால் கட்டி சாமி முன்னால் போட வேண்டும். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். எந்தப் பூ வருகிறதோ அதுதான் தீர்ப்பு, அப்பீல் கிடையாது. மீதிப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே ஓடையில் விட்டுவிட வேண்டும்.

சைக்கிளுக்குப் பூக்கேட்ட முதல் ஆள் நான்தான். பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் சாமிக்கு இது பெரிசு, இது சிறிசு என்று உண்டா? சிவப்பு அரளி வந்தால் சிவப்பு சைக்கிள், வெள்ளை அரளி வந்தால் சாம்பல் சைக்கிள் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். வேடிக்கை பார்க்க ஊரே வந்திருந்தது. பொட்டலத்தைக் கேட்பவனே கட்டிக்கொண்டு வருவதுதான் வழக்கம். ஒருவனும் சாமியிடம் பித்தலாட்டம் பண்ணமாட்டான் என்ற நம்பிக்கையில் யாரோ ஏற்படுத்திய வழக்கம்.

நான் இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியைத்தான் வைத்துக் கட்டியிருந்தேன்.

சாமி கண்ணைக் குத்தும் என்று சின்ன வயதில் பயமுறுத்தியது ஞாபகம் வந்தது. பூசாரி எடுத்துப் பிரித்தார். சிவப்பு. ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. எனக்கே ஒரு கணம் சாமி சொன்ன மாதிரிதான் இருந்தது. மலையிறங்குகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் மீதிப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். போகிற வழியில் ஓடையில் விட்டுவிடலாம் என்று நினைத்து மறந்தும் போனேன்.

சிவப்பு சைக்கிள் பஸ்ஸின் மேலே கட்டப்பட்டு எழுபது வளைவும் சுற்றி வந்தது. சோளக்காட்டில் இறக்கியபோது பலாப்பழம் விற்கிறவர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டுச் சுற்றி நின்று ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்தார்கள். நான் உருட்டிக்கொண்டு நடந்தேன். அப்போது என் நடையைப் பார்த்திருந்தால் ஜமீன்தார் என்று நினைத்திருப்பீர்கள்.

சனிக்கிழமை அவள் வந்தாள். சைக்கிளைப் பார்த்தாள். சுற்றி வந்தாள். பின்பக்கத்து ஸ்பிரிங்கை ஒரு விரலால் தொட்டாள். நான் இதைச் சொல்லவில்லையே என்றாள், மெதுவாக. சாமியே சொன்னது, பூக்கேட்டேன், சிவப்பு வந்தது, ஊரே சாட்சி என்றேன். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. சாமி சொன்னதற்கு மேல் பேசுகிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அதைத் தெரிந்துதானே நான் சாமியை இழுத்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் தினமும் வந்தாள். ஆமாம், வந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். காலையில் ஒன்பது கிலோமீட்டர், சாயங்காலம் ஒன்பது கிலோமீட்டர். சாயங்காலம் வந்ததும் முகம் கழுவக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். மேட்டில் மிதித்தால் சீட்டு கயிற்றுக்கட்டில் மாதிரி தொய்ந்து தொய்ந்து எழும்புகிறது என்றாள். முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கிறது என்றாள். பலாமர வேர்கள் குறுக்கே ஓடுகிற இடத்திலெல்லாம் இறங்கித் தூக்க வேண்டியிருக்கிறது, தூக்கினால் சிமெண்டு மூட்டை கனம் கனக்கிறது என்றாள். ஓட்டுகிற தூரத்தைவிடத் தள்ளுகிற தூரம்தான் ஜாஸ்தி என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பழகினால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். என்னைப் போல ஒரு புருஷன் கிடைக்க அவள் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று மனதார நம்பினேன்.

மூன்றாவது வாரம் ஓடையைத் தாண்டுகிற இடத்தில் முன்சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. பாய் சொன்னது போலவே, சொல்லி வைத்த மாதிரி. அவள் ஹேண்டில்பாரைத் தாண்டி விழுந்தாள். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் அவளைக் கூட்டிவந்து வீட்டில் விட்டார்கள். நான் ஆணியில் தொங்கிய நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, எல்லாவற்றுக்கும் என்னிடம் அந்த ஒரு சட்டைதான். பூக்கேட்ட அன்றும் அதைத்தான் போட்டிருந்தேன். ஒரே ஒரு நாள் போட்ட சட்டையை எதற்குத் துவைப்பது என்று அப்படியே மாட்டியிருந்தேன்.

வளைவுகளில் அவள் சாயாமல் இருக்க ஒரு கையால் அவளை அணைத்துப் பிடித்து, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் வந்தார். பையில் பணம் இருக்கிறது, எடு என்று அவளிடம் சொன்னேன். அவள் இடது கையை என் பைக்குள் விட்டாள். ரூபாய் நோட்டோடு அந்தப் பொட்டலமும் வந்தது. இலை காய்ந்து மொறமொறத்துப் போயிருந்தது. கையில் எடுத்ததுமே உடைந்து அவள் மடியில் கொட்டியது. காய்ந்து கறுத்த சிவப்பு அரளி.

அவள் டிக்கெட் வாங்கினாள். சில்லறையை என் பையில் திருப்பிப் போட்டாள். பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஜன்னல் வழியாக வெளியே போட்டாள். எனக்கு எங்கேயாவது பஸ் பஞ்சராகி எல்லோரையும் இறங்கச் சொன்னால் தேவலை என்றிருந்தது.

"சாமிய ஏமாத்துனது உங்களுக்கும் சாமிக்கும் நடுவுல. அதுல நான் வரலீங்க," என்றாள். "ஆனா அந்த மேட்டுல ஒவ்வொரு நாளும், சாமி சொல்லிருச்சேன்னுதான் நான் மிதிச்சனுங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் ஆம்பிளை அழுதால் மனைவிக்கு வலி தாங்காமல் அழுகிறான் என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள். அந்த வசதியையும் பயன்படுத்திக்கொண்டேன்.

எலும்பில் கீறல் என்றார்கள், மாவுக்கட்டு போட்டார்கள். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அம்மா வீட்டில் இருக்கட்டும் என்றார் மாமனார். என் மாமியார் என்னிடம் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. மூன்று வேளையும் வாய்க்கு ருசியாகச் சோறு போட்டு என்னை அனுப்பி வைத்தார். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் வெளியே அனுப்பியதில்லை.

கட்டுப் பிரிக்கிற நாள் வந்தது, போனது. அவள் வரவில்லை. சரி, தப்பைத் திருத்துவோம் என்று சிவப்பு சைக்கிளை மறுபடி பஸ்மேல் கட்டி பாய் கடைக்குக் கொண்டுபோனேன். இதை வைத்துக்கொண்டு அந்தச் சாம்பல் சைக்கிளைக் கொடுங்கள் என்றேன். பாய் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அது போன வாரமே போயிருச்சுங்களே. உங்க ஊட்டம்மாதான் வந்து எடுத்துட்டுப் போனாங்க. ரோட்டுல நாலு சுத்து ஓட்டிப் பாத்தாங்க. உங்க ஒசரம்னீங்களே?" என்றார்.

நான் டீக்கடை பெஞ்சைப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். சம்பளம் என்று சொல்லிக் கொடுக்கிற அந்தக் கொஞ்சப் பணத்தை அவள் சேர்த்து வைத்து வாங்கியிருக்கிறாள். நல்ல விஷயம்தான். ஆனால் பஸ் வளைவுகளில் ஏற ஏற, எனக்கு வேறொன்று உறைக்க ஆரம்பித்தது. இவ்வளவு நாளும் அவள் வராததற்குத் தூரம் காரணம், பஸ் காரணம், சைக்கிள் காரணம். இப்போது அவளிடம் அவள் கேட்ட சைக்கிளே இருக்கிறது. ஒரு வாரமாக இருக்கிறது. இனி அவள் வரவில்லை என்றால் அதற்குக் காரணம் நான் ஒருவன்தான்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் மேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாடு வந்தது, ஆடு வந்தது, விறகுக்கட்டு வந்தது. சாம்பல் நிறத்தில் எதுவும் வரவில்லை. சந்தைக்கு அவள் சைக்கிளில் வந்துபோனதாக ஆட்கள் சொன்னார்கள். பக்கத்துக் காட்டுக்காரர், இரண்டு ஷாக் சைக்கிள் கொடுத்தும் நன்றியில்லாதவள் என்று எனக்காகக் கோபப்பட்டார். இப்படி ஆதரவு சொல்ல ஒரு ஆள் இருந்தால் உருப்படாமல் போக வேறெதுவும் வேண்டியதில்லை.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, காலையில் எழுந்து நடக்க ஆரம்பித்தேன். குறுக்குப் பாதையில். முதல் மேடு ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. காப்பித் தோட்டத்துக்கு நடுவே இறங்குகிற இடத்தில் கால் சறுக்கியது. வேர்கள் பாதையை விட்டு கணுக்கால் உயரத்துக்கு எழும்பி நின்றன. ஓடையில் அந்த இரண்டு கல்லையும் பார்த்தேன். அங்கே உட்கார்ந்து முகம் கழுவினேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. இந்த ஒரு வருஷத்தில் இந்தப் பாதையில் நான் இன்றுதான் முதல்முறையாக நடக்கிறேன். அவள் எப்படி வருவாள், எதில் வருவாள், எப்போது வருவாள் என்று ஊரைக் கேட்டேன், கடைக்காரரைக் கேட்டேன், சாமியைக் கேட்டேன். நான் போகலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ஒரு புதன்கிழமை நடந்துபோய் அவளைப் பார்த்துவிட்டு வந்திருந்தால் யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்கமாட்டார்கள்.

பால்வாடியில் குழந்தைகள் சாப்பிட்டுவிட்டு வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. சாம்பல் சைக்கிள் சுவரோரம் நின்றது. அவள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீரும், பிள்ளைகளுக்குப் பிடித்த சத்துமாவு உருண்டையில் இரண்டும் கொண்டுவந்து வைத்தாள். நடந்தா வந்தீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த பேச்சு ஒன்று இருந்தது. மன்னிப்பு, சாமி, கஷ்டம், கண்ணீர் எல்லாம் உரிய இடத்தில் வைத்த நல்ல பேச்சு. உருண்டை தொண்டையில் அடைத்துக்கொண்டதால் அதில் ஒரு வரியும் வரவில்லை. சைக்கிளைக் கைகாட்டி, "எனக்கு அதுல கால் எட்டல, கண்ணு," என்றேன். "அதனாலதான் வேண்டாம்னேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சைக்கிளைப் பார்த்தாள்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கென்னங்க," என்றாள். "சீட்ட எறக்கறதுக்கு ஒரு ஸ்பேனர் போதுமேங்க."

நான் வாயில் இருந்த மாவை விழுங்கினேன். என் குடும்பம் தெருவுக்கு வந்ததும், அவள் மணிக்கட்டு உடைந்ததும், சாமி பொய்சாட்சி சொன்னதும் ஒரு ஸ்பேனரில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

நாலு மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினாள். சைக்கிளை எடுத்தாள். அம்மா வீட்டுப் பக்கம் திருப்புவாளா, பாதைப் பக்கம் திருப்புவாளா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதைப் பக்கம் திருப்பினாள். எனக்காகக் காத்திருக்கவில்லை. பெரிய சக்கரம் முதல் வேரில் ஏறி, தாண்டி, இறங்கியது. சீட்டு ஆடவில்லை. இரண்டாவது மேட்டில் அவள் முதுகு தெரிந்தது, அப்புறம் அதுவும் மறைந்துவிட்டது. அவ்வளவு வேகமாக அவள் போவாள் என்று எனக்குத் தெரியாது.

நான் வீடு வந்து சேர்ந்தபோது கூரையில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவள் உலை வைத்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் நான் அசட்டுத்தனமாக, அப்படியானால் இனிமேல் தினமும் வந்துவிடுவாய்தானே என்று கேட்டேன்.

"நாளைக்கு வாரேன்னு இன்னிக்குச் சொல்ல மாட்டேனுங்க," என்றாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "அதெல்லாம் ஒருக்காச் சொல்லிப் பாத்தாச்சு."

இருபது வருஷம் ஆகிவிட்டது. பாதை தார் ரோடாகிவிட்டது, அந்தச் சைக்கிள் தேய்ந்து அடுத்தது வந்து அதுவும் தேய்ந்துவிட்டது. காலையில் அவள் கிளம்பும்போது போய்ட்டு வாரேன் என்று மட்டும் சொல்வதில்லை. கேட்க எனக்கும் வாய் வருவதில்லை. சாயங்காலம் நாலரைக்கு மேல் வேலையிருக்கிறவன் மாதிரி மிளகுக் கொடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மேட்டில் அவள் தலை தெரிந்த பிறகுதான் கொடியை விட்டுவிட்டு வெந்நீர் வைக்க உள்ளே போவேன்.